உறுதியில் இல்லாத கோடு

1994 ஆம் ஆண்டின் ஐப்பசி மழையில் எங்கள் வீட்டு முன்மதில் சரிந்து விழுந்தது. கொழும்பின் புறநகரொன்றில் அப்பா 1979 இல் வாங்கிய 11 பேர்ச் காணி அது. நாற்பது அடி முகப்பு, எழுபத்தைந்து அடி நீளம். விழுந்த மதிலைக் கட்டும்போது, யாழ்ப்பாணத்திலிருந்து வரவிருந்த அப்பம்மாவுக்காக முன்பக்கத்தில் ஓர் அறையும் இறக்கிவிடலாம் என்று அப்பா எண்ணினார். படம் வரைவித்து உள்ளூர்ச் சபையின் கந்தோருக்குக் கொடுத்தோம். இரண்டு வாரம் கழித்துத் தமிழ் தெரிந்த ஓவசியர் ஒருவர் நாடாவோடு வந்து, தெருவிலிருந்து உள்நோக்கி ஒன்பது அடியை அளந்து, ஓட்டுத்துண்டினால் நிலத்தில் கோடொன்றைக் கீறினார். "இது வீதிக்கோடு. இதற்கு இங்காலே ஒன்றும் எழுப்ப முடியாது" என்றார்.

அப்பா உள்ளே போய் உறுதியை எடுத்து வந்தார். நில அளவையாளரின் வரைபடம், நொத்தாரிசின் முத்திரை, காணிப் பதிவகத்தின் இலக்கம் எல்லாம் சரியாக இருந்தன. கோடு மாத்திரம் அதில் இல்லை. ஓவசியர் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, காணி உங்களுடையதுதான். கட்டத்தான் ஏலாது."

அந்த வேளையில் நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. சட்டத்தில் ஏதோ குளறுபடி இருக்கிறது, இதை எழுதிக் கிழித்துவிடலாம் என்ற துடிப்போடு பழைய கட்டளைச் சட்டங்களைப் புரட்டத் தொடங்கினேன். குளறுபடி எதுவும் இருக்கவில்லை. கண்டுகொண்டது வேறொன்று. காணி யாருடையது என்பதைச் சொல்லும் ஏடு ஒன்று. அந்தக் காணியில் என்ன செய்யலாம் என்பதைச் சொல்லும் ஏடு இன்னொன்று. நமது ஆட்கள் முதலாவதைத் தலையணைக்கு அடியில் வைத்துக் காப்பார்கள். இரண்டாவது என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. ஒல்லாந்தர் காலத்துத் தோம்பில் தொடங்கி, காணி என்றால் எல்லையும் உரித்தும்தான் என்று பழகிய சமூகம் நாம். தேசவழமை பற்றி மணிக்கணக்கில் வாதிடக்கூடிய பெரியவர்கள்கூட, வீதிக்கோடு என்றால் விழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது ஏடு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன். கொழும்பைப் பொறுத்தவரை அதன் கதை எலியிலிருந்து தொடங்குகிறது.

1865 ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொழும்பு மாநகர சபை உருவானது. அடுத்த சில ஆண்டுகளில், ஒல்லாந்தர் எழுப்பிய கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டன. 1875 இல் துறைமுகத்தின் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பத்து ஆண்டுகளில் அந்த அணை நிறைவேறியது. காலித் துறைமுகத்துக்குப் போன கப்பல்கள் கொழும்புக்குத் திரும்பின. கோப்பி போய்த் தேயிலை வந்தது. துறைமுகத்துக்கும் களஞ்சியங்களுக்கும் கூலியாட்கள் தேவைப்பட்டார்கள். அவர்கள் எங்கே படுத்து எழும்புவார்கள் என்பதைப் பற்றி எவரும் பெரிதாக யோசிக்கவில்லை.

புறக்கோட்டையிலும் கொட்டாஞ்சேனையிலும் புதுக்கடையிலும் பெரிய வீடுகளில் வாழ்ந்த வசதி படைத்தோர் மெல்லமெல்லத் தெற்கே நகர்ந்தனர். கொள்ளுப்பிட்டியும் கறுவாத்தோட்டமும் அவர்களுடைய புதிய முகவரிகளாயின. விட்டுச் சென்ற பழைய மாளிகைகள் அறை அறையாக வாடகைக்குப் பிரிந்தன. அவற்றின் பின்வளவுகளில் ஒற்றைச் சுவரைப் பகிர்ந்துகொண்ட வரிசை அறைகள் முளைத்தன. பின்வளவு என்பதால் அவற்றுக்கு 'வத்தை', அதாவது தோட்டம், என்றே பெயர். ஒரு செடிக்கும் இடமில்லாத அந்தத் தோட்டங்களின் பெயர் இன்றுவரை நிலைத்திருக்கிறது. ஒரு குழாய், ஒரு மலகூடம், பத்து இருபது குடும்பங்கள், யன்னல் இல்லாத அறைகள் என்பதுதான் வத்தை.

1914 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொழும்பில் பிளேக் தோன்றியது. அரிசி மூட்டைகளோடு வந்த எலிகளும், எலிகளோடு வந்த தெள்ளுகளும் நோயைக் கொண்டுவந்தன. புறக்கோட்டையில் அரிசிக் கிட்டங்கிகளுக்கு மேலேயும் பக்கத்திலேயும் மனிதர்கள் குடியிருந்தார்கள். களஞ்சியமும் வீடும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. அப்போதைய ஆளுநர் சேர் ரொபர்ட் சால்மர்ஸின் பெயரால் புறக்கோட்டையில் எழுந்த தானியக் களஞ்சியங்களை மூத்த வாசகர்கள் கண்டிருப்பார்கள். அரிசியையும் எலியையும் குடியிருப்பிலிருந்து பிரிக்கவேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்தது. எதன் பக்கத்தில் எது இருக்கலாம், எது இருக்கலாகாது என்ற கேள்வி அப்படித்தான் இந்நகரில் உயிரும் சாவும் சார்ந்த கேள்வியாயிற்று. பின்னாளில் 'வலயம்' என்று வரைபடங்களில் நிறம் தீட்டப்பட்டதெல்லாம் இந்தக் கேள்விக்கான விடைதான்.

மறு ஆண்டு, அதாவது 1915 இல், 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. அந்த ஆண்டை நாம் வேறொரு காரணத்துக்காக, சிங்கள முஸ்லிம் கலவரத்துக்காகவும் அதை அடக்க வந்த இராணுவச் சட்டத்துக்காகவுமே நினைவில் வைத்திருக்கிறோம். கலவரத்தைப் பற்றிப் புத்தகங்கள் பல உண்டு. நூறு ஆண்டு கடந்தும் நம் ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் ஆண்டுகொண்டிருக்கும் இந்தக் கட்டளைச் சட்டத்தைப் பற்றித் தமிழில் எழுதியோர் மிகக் குறைவு.

அதன் சாரம் எளிது. சபைத் தலைவர் எழுத்தில் அங்கீகரித்த படத்துக்கு அமைவாகவேயன்றி எவரும் கட்டடம் எழுப்பக்கூடாது. இருக்கும் கட்டடத்தை மாற்றுவதற்கும் அதே விதி. மனிதர் வாழ்வதற்கென்று கட்டப்படாத ஒன்றை வாழ்விடமாக மாற்றுவதும், ஒரு வீட்டைப் பல வீடுகளாகப் பிரிப்பதும்கூட 'மாற்றம்' என்ற சொல்லுக்குள் அடங்கின. மாளிகைகள் வத்தைகளான வரலாற்றை அறிந்தவர்கள் எழுதிய வாசகங்கள் அவை என்பது படித்தவுடனே புரியும்.

கட்டி முடித்தாலும் குடிபுக முடியாது. கட்டடம் சட்டத்துக்கு அமைவானது என்ற சான்றிதழைத் தலைவர் தரும்வரை, காவற்காரர் ஒருவரைத் தவிர வேறு எவரும் அதில் குடியிருத்தல் ஆகாது என்கிறது அதன் 15 ஆம் பிரிவு. அந்தக் காவற்காரர் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம். முழுச் சட்டத்திலும் மனித வாடை வீசும் இடம் அது ஒன்றுதான். இந்தச் சான்றிதழைத்தான் இன்று இணக்கச் சான்றிதழ் என்கிறோம். கொழும்பில் மேசனிலிருந்து வங்கி முகாமையாளர்வரை எல்லோரும் சி.ஓ.சி. என்றே சொல்வார்கள்.

அடுத்தது வெளிச்சம். இலங்கையின் கட்டட விதிகளில் அறுபத்துமூன்றரைப் பாகை என்ற ஓர் எண் வரும். படம் வரைவோருக்கு இது அத்துப்படி; காரணம் கேட்டால் சொல்வோர் சிலர்தான். இது இலண்டனிலிருந்து வந்த எண். 1894 ஆம் ஆண்டின் இலண்டன் கட்டடச் சட்டத்தில், வீட்டின் பின்புற வெளியிலிருந்து சாய்வாக வரையப்படும் கற்பனைக் கோடு இந்தப் பாகையில் அமைந்தது. கணக்குத் தெரிந்தவர்களுக்கு விளங்கும்: அந்தச் சாய்வில் உயரம் அகலத்தைப் போல் இரு மடங்கு. பத்து அடி வெற்றிடம் விட்டால் இருபது அடி உயரம் எழலாம். அதற்கு மேல் போனால் அடுத்தவனுடைய வெளிச்சத்தை எடுக்கிறாய் என்பது பொருள். இலண்டன் பனிக்கால வானத்துக்கென்று கணித்த கோணம் கொழும்பு வெயிலுக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்துகிறதோ இல்லையோ, யன்னல் இல்லாத அறைகளை எண்ணிப் பார்த்தால், எந்தக் கோணமும் இல்லாமல் இருந்ததைவிட இது மேலானது.

மூன்றாவதுதான் எங்கள் வீட்டுக்கு வந்த வீதிக்கோடு. எதிர்காலத்தில் ஒரு தெரு எவ்வளவு அகலமாக வேண்டும் என்று சபை தீர்மானித்து, இருபக்கமும் கோடு வரைந்துவிடும். தெரு அகலிப்பது நாளையாகவும் இருக்கலாம், நாற்பது ஆண்டு கழித்தாகவும் இருக்கலாம், ஒருபோதும் நடவாமலும் போகலாம். கோட்டுக்குள் அகப்பட்ட நிலம் உடனே பறிபோவதில்லை. உரித்து உரிமையாளரிடமே இருக்கும். அவர் சோலைவரி கட்டிக்கொண்டே இருப்பார். நிரந்தரக் கட்டடம் எழுப்ப மாத்திரம் இடமில்லை. மதில் போன்ற சிறு வேலைக்குச் சபை இணங்கினாலும், பிற்காலத்தில் தெருவை அகலிக்கும்போது அதற்கு நட்டஈடு கோரமாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொள்வது வழக்கம்.

அப்பாவிடமும் அப்படியொரு தாளை நீட்டினார்கள். "என்ரை மண்ணில மதில் கட்ட நான் ஏன் தம்பி கையெழுத்துப் போடவேணும்?" என்று என்னிடம்தான் சண்டை பிடித்தார். முடிவில் கையெழுத்துப் போடாமல், மதிலை ஒன்பது அடி உள்ளே தள்ளிக் கட்டினார். முன்வளவு மொத்தமே பதினான்கு அடி. மிஞ்சிய ஐந்து அடியில் அறை எங்கே இறக்குவது? 1996 இல் வந்துசேர்ந்த அப்பம்மா, கண்மூடும்வரை விறாந்தையோரத்துக் கூடத்திலேயே படுத்திருந்தார்.

பிழை யாருடையது என்று பின்னர் யோசித்ததுண்டு. கோடு அப்பா காணி வாங்குவதற்கு முன்பே வரையப்பட்டது. 1979 இல் சபைக்குப் போய் வீதிக்கோட்டுச் சான்றிதழ் ஒன்றைக் கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். தரகர் சொல்லவில்லை, நொத்தாரிசு கேட்கவில்லை, அப்பாவுக்குத் தெரியாது.

1915 சட்டத்தின் கையில் இருந்தவை சுவரும் யன்னலும் தெருவும் மட்டுமே. ஒரு நகரத்தை முழுதாகப் பார்க்கும் பார்வை அதற்கு இல்லை. அந்தப் பார்வையோடு வந்தவர் பற்றிக் கெடிஸ் என்ற ஸ்கொத்லாந்து அறிஞர். உயிரியல் படித்தவர், நகரத்தையும் ஓர் உயிரியாகவே பார்த்தார். அவருடைய நகரக் கண்காட்சிப் பொருள்கள் 1914 இல் கப்பலில் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தபோது, அக்கப்பலை ஜேர்மனியப் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்துவிட்டது. அதே ஆண்டு செப்டெம்பர் 22 ஆம் திகதி இரவு சென்னையின் எண்ணெய்க் குதங்கள்மீது குண்டு பொழிந்து, 'ஆள் பெரிய எம்டன்' என்ற வழக்கைத் தமிழுக்குத் தந்த அதே கப்பல்தான். கெடிஸ் சளைக்கவில்லை. மீண்டும் பொருள்களைத் திரட்டி 1915 இல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். மதுரை, காஞ்சிபுரம், தஞ்சாவூர் என்று தமிழ் நகரங்களை நடந்து பார்த்து அறிக்கைகள் எழுதினார்.

அந்த அறிக்கைகளில் அவர் வலியுறுத்தியது ஒரு வைத்தியரின் நியாயம். நெருக்கடியான குடியிருப்பினூடே அகலத் தெருவை நேராக வெட்டுவது பொறியியலாளருக்கு எளிது, ஏழைகளுக்குப் பேரழிவு. வேண்டிய இடத்தில் மட்டும் இரண்டொரு வீட்டை நீக்கிக் காற்றுக்கு வழிவிட்டு மற்றவற்றைக் காப்பாற்றுவதே சிக்கனமும் சிகிச்சையும் ஆகும் என்றார். இந்த அனுபவங்களுக்குப் பிறகு, 1921 இல் கொழும்புக்கான ஆரம்ப அறிக்கையை எழுதினார். கொழும்பு 'கிழக்கின் தோட்டநகரம்' என்ற பேச்சு அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது. அப்போது நகரத்தின் சனத்தொகை சுமார் 2 இலட்சத்து 44 ஆயிரம்.

அவரிடமிருந்து கொழும்பு எதை எடுத்துக்கொண்டது என்று பார்த்தால், மரநிழலை எடுத்துக்கொண்டது; சிகிச்சையை விட்டுவிட்டது என்றே எனக்குப் படுகிறது. கறுவாத்தோட்டத்தின் அகன்ற வீதிகளுக்கு அந்தப் பெயர் பொருந்தியது. முகத்துவாரத்து வத்தைகளுக்கு அது எட்டவில்லை.

நிலப் பயன்பாட்டை வலயங்களாகப் பிரித்துச் சட்டமாக்கும் முறை அதற்குள் உலகில் வேரூன்றிவிட்டது. ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரம் 1891 இலேயே அதைச் செய்தது. நியூயோர்க் 1916 இல் நகரம் முழுவதற்குமான வலய விதிகளை இயற்றியது. இலங்கைக்கு அது 1940 களில் வந்தது. பலஸ்தீனத்தில் பணியாற்றியிருந்த கிளிபோர்ட் ஹொலிடே இங்கே திட்டமிடல் ஆலோசகராக வந்தார். 1946 இல் 13 ஆம் இலக்க நகர, நாட்டுத் திட்டமிடல் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. இலண்டன் பெருநகரத் திட்டத்தை வரைந்து புகழ்பெற்ற சேர் பற்றிக் அபர்குறொம்பி, 1948 இல் கொழும்புப் பிராந்தியத் திட்டத்தைத் தந்தார். நெரிசலைக் கொழும்புக்குள் அடைக்காமல் ரத்மலானை, ஹோமாகம, ராகம ஆகிய இடங்களில் துணை நகரங்களை வளர்க்கவேண்டும் என்பது அவருடைய யோசனை. அன்று கொழும்பில் ஏறத்தாழ 3 இலட்சத்து 62 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். ரத்மலானையில் தொழிற்சாலைகள் வந்தன. அபர்குறொம்பி கண்ட துணை நகரம் வரவில்லை.

திட்டங்கள் ஏட்டில் இருந்த அந்த மூன்று தசாப்தங்களில், சொத்துடையோரை உலுக்கியது வேறொரு சட்டம். 1973 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டத்தின்படி, குடும்பம் இல்லாத தனியாள் இரண்டு வீடுகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. மேலதிக வீடுகள் அரசின் கைக்குப் போயின. அமைச்சர் பீற்றர் கெனமன் காலத்துச் சட்டம் அது. வாடகைக் குடியாளாய் இருந்து வீட்டுக்காரரானவர்கள் அவரை வாழ்த்தினார்கள். வீட்டை இழந்தவர்கள் கடைசிவரை அந்தப் பெயரைச் சொல்லிப் பொருமினார்கள். அதன் பிறகு வாடகைக்கென்று வீடு கட்டும் வழக்கம் நீண்ட காலம் படுத்துவிட்டது.

இன்று கொழும்பில் நாம் காணும் முறை 1978 இல் தொடங்கியது. அவ்வாண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தால் நகர அபிவிருத்தி அதிகார சபை உருவாயிற்று. 1982 ஆம் ஆண்டின் திருத்தம் அதற்குப் பல்லைக் கொடுத்தது. அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனமான இடத்தில், அனுமதிப்பத்திரம் இன்றி எந்த அபிவிருத்தி வேலையும் செய்ய முடியாது என்றாயிற்று. 'அபிவிருத்தி வேலை' என்பதைக் கட்டுவது என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பிசகு. காணியைத் துண்டாடுவதும் அதில் அடங்கும். ஒரு செங்கல்லைக்கூட வைக்காமல், இருக்கும் வீட்டின் பயன்பாட்டை மாற்றுவதும் அடங்கும். வீட்டு முன்னறையில் ரியூசன் கொட்டில் போடுவோரும், மேல்மாடியை லொட்ஜ் ஆக்குவோரும், கராஜைக் கடையாக்கி வாடகைக்கு விடுவோரும் 'வீடு என்னுடையது, எவன் கேட்பது?' என்கிறார்கள். சட்டம் கேட்பது உரித்தைப் பற்றியல்ல, பயன்பாட்டைப் பற்றி.

1986 மார்ச்சில் வர்த்தமானியில் வந்த திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகள் ஒரு காணித் துண்டின் குறைந்தபட்ச அளவை 150 சதுர மீற்றராக, சற்றேறக்குறைய ஆறு பேர்ச்சாக நிர்ணயித்தன. இந்த எண்தான் நமது குடும்பங்களுக்குள் அதிகம் விளையாடியது. இருபது பேர்ச் காணி வைத்திருக்கும் தந்தைக்கு நான்கு பிள்ளைகள். ஆளுக்கு ஐந்து பேர்ச் என்று நியாயமாகப் பிரித்து, சீதன உறுதியும் நன்கொடை உறுதியும் எழுதி, நிம்மதியாகக் கண்மூடுவார். நில அளவையாளர் நான்கு துண்டாகப் படம் கீறிக் கொடுப்பார். நொத்தாரிசு அதைக்கொண்டு உறுதி முடிப்பார். காணிப் பதிவகம் பதிந்தும் கொள்ளும். பல ஆண்டு கழித்து ஒரு மகள் தன் துண்டில் வீடு கட்டப் படம் கொடுக்கும்போதுதான், அந்தத் துண்டாடலைச் சபை ஒருபோதும் அங்கீகரிக்கவில்லை என்பது வெளிப்படும். ஐந்து பேர்ச் என்பது 126 சதுர மீற்றர்தான். உறுதி செல்லுபடியாகும்; காணியோ கட்டுவதற்கு உதவாது. பிறகு அக்காவிடம் ஒரு பேர்ச் கேட்டு, தம்பியிடம் அரைப் பேர்ச் கேட்டு, மனக்கசப்பில் முடிந்த குடும்பங்களை நான் அறிவேன். யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்பு என்றால் பத்துப் பேர்ச். பரப்புக் கணக்கில் பழகிய கை, கொழும்பில் பேர்ச் கணக்குப் பார்க்கும்போது இப்படித் தடுமாறுகிறது.

1986 விதிகளின் இடத்துக்கு 2021 ஜூலையில் புதிய திட்டமிடல், அபிவிருத்தி ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன. ஆகவே நான் தரும் பழைய எண்ணை வைத்துக்கொண்டு எவரும் இன்று காணி பிரிக்கவேண்டாம். தத்தம் இடத்துக்குரிய அபிவிருத்தித் திட்டத்தையும், அதன் வலய அட்டவணையையும் பார்க்கவேண்டும். கொழும்பு நகருக்கு 1999 இல் வந்த திட்டம் விசேட முதன்மைக் குடியிருப்பு வலயம், முதன்மைக் குடியிருப்பு வலயம், கலப்பு அபிவிருத்தி வலயம், செறிவு அபிவிருத்தி வலயம் என்றெல்லாம் நகரத்தைப் பிரித்திருந்தது. அதுவும் பின்னர் மாற்றப்பட்டது. வலயம் மாறும்போது, தெருவுக்கு இந்தப் பக்கம் இருப்பவருடைய காணி விலை ஏறும். அந்தப் பக்கம் இருப்பவர் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருப்பார்.

வெள்ளவத்தையைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1983 இல் எரிந்த வீடுகளும் கடைகளும் அங்கே உண்டு. அதற்குப் பிறகும் தமிழர் அங்கேயே திரும்பி வந்தனர். 1990 களில் வடக்கிலிருந்து வந்தோரின் தொகை பெருகியது. புலம்பெயர்ந்த பிள்ளைகளின் பணமும் வந்தது. பன்னிரண்டு பதினைந்து பேர்ச்சில் மாமரத்தோடு நின்ற பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டுத் தொடர்மாடிகளாயின. காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒடுங்கிய ஒழுங்கைகளில் ஐந்து மாடியும் ஆறு மாடியும் நெருங்கி நின்றன. அறுபத்துமூன்றரைப் பாகை எங்கே போயிற்று என்று அந்த ஒழுங்கைகளில் நின்று மேலே பார்க்கும்போது கேட்கத் தோன்றும்.

தொடர்மாடிக்கெனத் தனிச் சட்டம் உண்டு: 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொடர்மாடி உரித்துச் சட்டம். அதன்படி கட்டடம் முழுவதற்கும் கூட்டாதன வரைபடம் பதிவானால்தான் மூன்றாம் மாடி வீட்டுக்கென்று தனி உரித்து உண்டாகும். அந்த வரைபடம் பதிவாக இணக்கச் சான்றிதழ் வேண்டும். ஐந்து மாடிக்கு அனுமதி பெற்று ஆறாவதையும் எழுப்பியவருக்கு அந்தச் சான்றிதழ் எளிதில் கிடைக்குமா? கிடைக்காத இடத்தில், காணியில் பிரிவிடாத பங்கொன்றை எழுதிக் கொடுத்து வீட்டை ஒப்படைத்தவர்கள் இருக்கிறார்கள். இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் தொலைபேசியிலேயே விலைபேசி, அட்டோர்னி தத்துவத்தில் உறவினரைக் கொண்டு கையெழுத்திட்டு வாங்கியோரின் பெட்டகத்தில் இருப்பது அத்தகைய உறுதியா, முறையான தொடர்மாடி உறுதியா என்பதை, இதைப் படித்து முடித்ததும் ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். வங்கிக்கு ஈடு வைக்கப் போகும்போதோ, விற்கப் போகும்போதோ தெரியவருவதைவிட அது நல்லது.

2017 மே 18 ஆம் திகதி வெள்ளவத்தையில், சவோய் திரையரங்கின் பின்புறமாக, பல மாடிக் கட்டடமொன்று பட்டப்பகலில் இடிந்து வீழ்ந்தது. உயிர்கள் போயின, பலர் காயமுற்றனர். அங்கே நடந்த கட்டட வேலைக்கு உரிய அனுமதி இருந்ததா என்ற கேள்வி மறுநாளே பத்திரிகைகளில் எழுந்தது. கேள்வி எழுந்த அளவுக்கு விடை எழவில்லை என்பது என் தொழில் அனுபவம். சி.ஓ.சி. என்பதைக் கந்தோர்க்காரரின் கெடுபிடி என்று நானும் இளமையில் எழுதியிருக்கிறேன். அந்த இடிபாட்டுப் படங்களைப் பார்த்த பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை.

அதேவேளை, விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்தது என்று சொல்லவும் எனக்கு மனம் வராது. 2010 இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் கொம்பனித்தெருவில், மியூஸ் வீதியில் இருந்த வீடுகள் படையினரின் பாதுகாப்போடு இடிக்கப்பட்டன. அங்கே குடியிருந்தோர் தமிழரும் முஸ்லிம்களும் மலாயரும் சிங்களவரும் கலந்த சாதாரண மக்கள். அவர்களுள் உறுதி வைத்திருந்தவர்களும், பரம்பரையாகச் சோலைவரி கட்டியவர்களும் இருந்தனர். தொடர்ந்து வந்த ஆண்டுகளில் நகரப் புத்தாக்கம் என்ற பெயரில் வடகொழும்பின் உயர்மாடிகளுக்குப் பல்லாயிரம் பேர் இடம் மாற்றப்பட்டனர். அரசு தனியார் காணியை எடுப்பதற்கு 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம் இருக்கிறது. அறிவித்தல், ஆட்சேபம், விசாரணை, நட்டஈடு என்று அதற்குப் படிகள் உண்டு. அந்தப் படிகள் எல்லாவற்றிலும் ஏறியிறங்கித்தான் மக்கள் அகற்றப்பட்டார்களா என்பதே அன்று நீதிமன்றம்வரை போன வழக்கு. கெடிஸ் தஞ்சாவூரில் நின்று எச்சரித்த அந்த நேர்கோட்டு வெட்டு, தொண்ணூறு ஆண்டு கழித்துக் கொம்பனித்தெருவில் விழுந்தது. வீட்டில் கூடுதலாக ஓர் அறை போட்ட ஏழையின் வீடு 'அனுமதியற்றது'. அனுமதிக்கு மேல் ஒரு மாடியையே எழுப்பியவருக்குத் தண்டம் கட்டி ஒழுங்காக்கிக்கொள்ள வழி இருந்தது. முறைப்பாடு விதியின்மீது அல்ல. அதே கோடு ஒருவருக்கு இறுகி இன்னொருவருக்கு நெகிழ்வதன்மீதுதான்.

வாங்குவோரும் பரம்பரைச் சொத்தைப் பிரிப்போரும் நடைமுறையில் என்ன பார்ப்பது என்று சிலர் கேட்பார்கள். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். சட்டத்தரணியின் இடத்தை நான் எடுக்கவில்லை. உறுதியின் முன்வரலாற்றைக் காணிப் பதிவகத்தில் தேடுவது எல்லோரும் செய்வது. அதோடு நின்றுவிடாமல் சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழும், வரி நிலுவையால் காணி சபைக்கு உடைமையாகிவிடவில்லை என்ற சான்றும் பெறவேண்டும். நில அளவைப் படத்தில் துண்டாடலுக்குச் சபையின் அங்கீகாரம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வீடு இருந்தால், அங்கீகரித்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடக்கவேண்டும். படத்தில் இல்லாத அறை நிலத்தில் நின்றால் அதற்கு விளக்கம் கேட்கவேண்டும். காணி தாழ்நிலம் என்றால் நிரப்புவதற்கு முன்னர் தனியாக விசாரிக்கவேண்டும். மண் கொட்டிய பிறகு விசாரிப்பதில் பயனில்லை. வடக்கில் பிரதேச சபை எல்லைக்குள் வீடு கட்டத் திரும்பிவருவோருக்கும் இவற்றுள் பல பொருந்தும். பிரதான வீதியோரமெனில் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கட்டட எல்லையையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

அப்பா 2006 இல் காலமானார். 2011 இல் அந்த வீட்டை விற்றோம். வாங்க வந்தவரின் சட்டத்தரணி ஓர் இளம் பெண். உறுதியைப் புரட்டுவதற்கு முன்னரே, "வீதிக்கோட்டுச் சான்றிதழ் இருக்கிறதா, அண்ணா?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். ஒன்பது அடி, நாற்பது அடி முகப்பு. ஒன்றே கால் பேர்ச்சுக்குச் சற்று மேல். அந்த அளவைக் கழித்துத்தான் விலை பேசினார்கள்.

அண்மையில் அந்த வழியால் போக நேர்ந்தது. தெரு இன்னும் அகலிக்கப்படவில்லை. அப்பா உள்ளே தள்ளிக் கட்டிய மதில் அப்படியே நிற்கிறது. அதற்கு வெளியே உள்ள ஒன்பது அடியில் புதிய வீட்டுக்காரர் செவ்வரத்தை நட்டிருக்கிறார். ஓர் ஓரமாக முச்சக்கரவண்டி ஒன்றும் நிறுத்தப்பட்டிருந்தது.